எண்பத்து மூன்றாவது வெள்ளை

கருங்கல்லில் புளியங்கொட்டையைத் தேய்த்தால் ஒரு மணம் வரும். கடலை வறுக்கும்போது கொஞ்சம் தீய்ந்துவிட்டது போலவும், இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஈரத்துணி மாட்டிக்கொண்டது போலவும் இரண்டுங்கெட்டானாக இருக்கும் அந்த மணம், இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைத்தெருவில் எங்கள் வீட்டுப் பின்படியில் எழுந்துவிட்டால் நான் உடனே இரண்டு கைகளையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன். அசந்தால் போச்சு. தேய்த்த கொட்டையின் சூடு ‘சுரீர்’ என்று முன்கையில் இறங்கிவிடும். வைத்தவள் அதற்குள் மலைத்தண்ணீர் கொட்டும் ‘பீலி’யடியைத் தாண்டி ஓடியிருப்பாள். அவள் மங்களம், என் சித்தப்பா மகள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே பாய், ஒரே போர்வை. சண்டை மட்டும் ஆளுக்கொன்று தனித்தனியாக வைத்திருந்தோம்.

எங்கள் ஊரில் வெயில் என்பது அவசரக்கார விருந்தாளி மாதிரி. வாசலில் நின்றபடியே தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். மற்ற நேரமெல்லாம் மூட்டமும் தூறலும்தான். விரல்கள் விறைத்துப்போகும் அந்தக் குளிரில், அந்தச் சூட்டுக்காகவே சில நாள் நான் வேண்டுமென்றே கையை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்ததும் உண்டு. சூடு விழுந்ததும் வழக்கம்போல ஊரைக் கூட்டிக் கத்துவேன்.

புளிக்கும் எங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. அந்த மலையில் புளியமரம் கிடையாது, குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே புளி கப்பலேறி, பிறகு ரயிலேறி, மூட்டை மூட்டையாக எங்களிடம் வந்து சேரும். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறவர்கள் கொட்டையோடு வாங்கிக்கொள்வார்கள். துரைமார் பங்களாக்களின் சமையல்காரர்களோ கொட்டை எடுத்த புளிதான் வேண்டுமென்பார்கள். அதனால் பின்கட்டில் எந்த நாளும் அம்மாவும் சித்தியும் பாயை விரித்துப் போட்டுக் ‘கொட்டை எடுத்து’க்கொண்டிருப்பார்கள். எடுத்த கொட்டைகள் ஒரு சாக்கில் நிறைந்து கிடக்கும். அந்தச் சாக்குதான் மங்களத்துக்கும் எனக்கும் சொத்து.

கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்துவிட்டால் பழுப்புத் தோல் போய் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். மறுபக்கம் பழுப்பாகவே இருக்கும். இப்படி ஆறு கொட்டை இருந்தால் தாயம் ஆடலாம். குலுக்கிப் போட்டு, எத்தனை வெள்ளை மேலே பார்க்கிறது என்று எண்ண வேண்டியதுதான். ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் அது ‘தாயம்’. அது விழாமல் காயைக் கட்டத்தில் இறக்க முடியாது. எனக்கு ஒரு தாயம் விழுவதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்துவிடும். மங்களத்துக்கோ கேட்டபோதெல்லாம் விழும். அவளுடைய கைராசியை வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். “அவ கையில லட்சுமி இருக்கா” என்று அம்மா சொல்லுவாள். கடைக்குப் புது மூட்டை வந்து இறங்கினால், முதல் முடிச்சை அவிழ்க்க மங்களத்தைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். ஒருத்தர் என்னைக் கூப்பிட்டதில்லை.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தாலும் சில பிற்பகல்களில் எங்களைப் பிரித்துவிடுவார்கள்: அவர்கள் விஞ்ஞானக் கொட்டகைக்குப் போவார்கள், நாங்கள் தையலுக்கு. தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையிலிருந்து கந்தக வாடை வரும், சிரிப்பு வரும், சில நாள் ‘டப்’ என்று ஏதாவது வெடிக்கிற சத்தமும் வரும். நாங்கள் கைக்குட்டைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருப்போம். நான் மடித்த ஓரத்தையெல்லாம் ஒன்றாக நீட்டிப் பிடித்தால் நல்லதண்ணி ஊர் வரைக்கும் போகும். தையலில் மங்களம் கெட்டிக்காரி. விரல் அவள் சொன்னபடி கேட்கும். என் விரல் ஊசியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வளையும். கொட்டகையில் என்ன வெடிக்கிறது என்று தெரியாமல் போகிறதே என்று எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் தையல் டீச்சருக்குக் காய்ச்சல். எங்களைச் சும்மா விட முடியாமல் கொட்டகையின் கடைசி வாங்குப் பலகையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். மங்களம் தனக்கும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு நழுவிவிட்டாள். எனக்கோ கோயில் கதவு திறந்தது போலிருந்தது.

விஞ்ஞானம் எடுத்த சிவசம்பு மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பாடம் இங்கிலீஷில்தான் நடக்கும். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவருக்கு இங்கிலீஷ் போதாது, தம் ஊர்த் தமிழுக்கு வந்துவிடுவார். அன்றைக்குப் பாதிப் பாடம் தமிழில் நடந்தது. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைத் தாமே ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, சொல்லாமல் இருக்க முடியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்த ரேடியம் இருக்குதெல்லோ, அது எப்பவும் கொஞ்சம் சூடாய்த்தான் இருக்கும். நெருப்பில்லை, வெயிலில்லை. ஆனா சூடு!” என்றார்.

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. “யாரு மாஸ்டர் தேய்க்கிறாங்க?” என்றேன்.

கொட்டகையே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. “சிரிக்காதேங்கோ. பெரிய பெரிய ஆக்களெல்லாம் இதைத்தான் கேட்டவை. ஒருத்தரும் தேய்க்கேல்லைப் பிள்ளை. அது தானாய் உடையுது” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.

ரேடியத்தின் அடையாள எழுத்தைப் போட்டு, அதற்கு மேலே 226 என்றும் கீழே 88 என்றும் எழுதினார். மேல் எண் அணுவின் கருவுக்குள் மொத்தம் எத்தனை துகள் என்பது. எடை என்று வைத்துக்கொள்ளலாம். கீழ் எண் அவற்றுள் மின்னேற்றம் உள்ளவை எத்தனை என்பது. பெயரைத் தீர்மானிப்பது கீழ் எண்தான்: 88 என்றால் ரேடியம், 86 என்றால் ராடான் என்கிற வாயு. ரேடியம் உடையும்போது ஆல்பா என்ற துண்டு ஒன்று தெறித்துப் போகிறது; அதற்கு மேலே 4, கீழே 2. மிச்சம் மேலே 222, கீழே 86. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் மேல் வரிசையில் என்ன இருக்கிறதோ, அந்தப் பக்கத்து மேல் வரிசையைக் கூட்டினாலும் அதுவே வரவேண்டும். கீழ் வரிசைக்கும் அதே சட்டம். அவ்வளவுதான்! ஓர் உலோகம் நம் கண்முன்னே வாயுவாகிவிட்டது, கணக்கு மட்டும் ஒரு மணிகூடச் சிந்தவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைசி வாங்கில் இருந்தபடியே கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது; மறுபடியும் கூட்டினேன், மறுபடியும் வந்தது.

அடுத்ததாக எழுதியதில்தான் சறுக்கினேன். தோரியம்: மேலே 234, கீழே 90. இதிலிருந்து போவது ஆல்பா அல்ல, பீட்டா. அதற்கு மேல் எண் பூஜ்யம். கீழ் எண் ஒன்று, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. மிச்சம் இருப்பது வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ ஒன்று: மேலே அதே 234, கீழே 91. மாஸ்டர் கூட்டிக் காட்டினார். 91-இல் ஒன்று கழிந்து 90, சரிதான். ஆனால் எனக்கு ஏறவில்லை. வீட்டிலிருந்து ஓர் ஆள் வெளியே போனபிறகு வீட்டில் ஆள் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவோமா? கேட்க வாயெடுப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

எல்லாரும் போனபின் மேசையருகே போய் நின்றேன். “மாஸ்டர், நான் இனிமே இங்கயே இருந்துக்கலாங்களா?” என்று கேட்டேன். பதில் வாசலிலிருந்து வந்தது. அங்கே எங்கள் தலைமையாசிரியரான பாதிரியார் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைக்காரராகையால் பிள்ளைகள் அவரைப் ‘பெரிய துரை’ என்போம். தமிழைப் புத்தகத்தில் கற்றவர். சின்னக் குழந்தைகளிடம்கூடப் பிரசங்கம்போலத்தான் பேசுவார்.

“பெண்பிள்ளைகளுக்கு இது பாரமான பாடம் அல்லவோ?” என்றார்.

“பாரமோ இல்லையோ எண்டு பாத்திடுவமே ஐயா” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கரும்பலகையின் மூலையில் ஒரு கேள்வியை எழுதினார். யுரேனியம்: மேலே 238, கீழே 92. அது உடைந்து உடைந்து, பெயர் மாறி மாறிக் கடைசியில் ஈயமாகிறது: மேலே 206, கீழே 82. ஈயத்தோடு சங்கிலி முடிந்துவிடும், அது அதற்குமேல் மாறாது. நடுவில் போனவை எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா? “வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளை வந்து செய்து காட்டட்டும்.”

பெரிய துரை கொஞ்சம் யோசித்தார். “விடை மாத்திரம் போதாது. காரணமும் கூறவேண்டும். கூறினால் இந்தப் பெண் இங்கே அமரலாம். இல்லையேல் தையலுக்குத் திரும்பவேண்டும், பின்பு இதைப் பற்றிப் பேச்சில்லை” என்றார்.

வீடு வரைக்கும் ஓடினேன். அம்மாவிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னால், அவள் புளியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “ஈயம் பித்தளையெல்லாம் பாத்திரக்காரனுக்குத் தெரிஞ்சா போதாதா?” என்றாள். அப்பா மட்டும், “கேக்குதுல்ல, செய்யட்டுமே. நம்ம பிள்ளைக்கு என்னா தெரியாமலா போயிரும்?” என்றார்.

எனக்கு எதையும் கையில் தொட்டுப் பார்த்தால்தான் புத்தியில் ஏறும். அம்மா எழுந்த நேரம் பார்த்துப் புளிப்பாயை இழுத்துப் போட்டு, அதன்மேல் யுரேனியத்தைப் பரப்பினேன். மொத்தம் 238 கொட்டை. மின்னேற்றம் உள்ளவை வெள்ளை என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் ஆடித் தேய்ந்த கொட்டைகள் போதாமல் இன்னும் கொஞ்சம் தேய்த்து, 92 வெள்ளை சேர்த்தேன். மிச்சம் 146-ஐச் சாக்கிலிருந்து அப்படியே தேய்க்காத பச்சைப் பழுப்பாக அள்ளி வைத்தேன். மின்னேற்றமில்லாத அந்தத் துகளுக்கு நியூட்ரான் என்று பெயர். அந்தப் பெயரே அப்போது புத்தம் புதிது, மாஸ்டரே அதை வாய் நிறையச் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். மாறாத பழுப்புக்குத் தேய்ப்பு எதற்கு என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். அது பிறகுதான் தெரிந்தது.

ஆல்பா என்றால் நாலு கொட்டை. இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. ஒரு ஆல்பாவை எடுத்து வீசினேன். இன்னொன்று. இன்னொன்று. எட்டு முறை எடுத்ததும் பாயில் சரியாக 206 மிஞ்சியது. கைதட்டிக் குதித்தேன். பிறகு வெள்ளையை எண்ணினேன். 76. ஈயத்துக்கு 82 வேண்டும்! மறுபடி எண்ணினேன், எழுபத்தாறேதான். அது வேறு ஏதோ உலோகம்; ஈயம் இல்லவே இல்லை.

பீட்டா நினைவுக்கு வராமலில்லை. ஆனால் நான் பலசரக்குக் கடைக்காரர் மகள். எடை பூஜ்யம் என்றால் அதை எப்படி ஒரு சரக்காக மதிப்பேன்? ஆறு பழுப்பை எடுத்துவிட்டு ஆறு வெள்ளையை வைத்துப் பார்த்தேன். கணக்கு அழகாகப் பொருந்தியது, மேலேயும் சரி, கீழேயும் சரி. ஆறு பீட்டா என்று எழுதிவிட்டுப் பேசாமல் தூங்கியிருக்கலாம். ஆனால் பெரிய துரை காரணம் கேட்பாரே! அந்த ஆறு வெள்ளை எங்கிருந்து வந்தது? சாக்கிலிருந்து. யுரேனியத்துக்குப் பக்கத்தில் சாக்கு ஏது?

வியாழக்கிழமை சாயங்காலம் வரை பாயைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக்கு பங்களா ஆளு புளிக்கு வந்து நிப்பான். பாயக் காலி பண்ணுடி. தையல் படிச்சா ஒரு ரவிக்கையாவது மிஞ்சும்” என்றாள். கொட்டைகளை வாரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் கைக்குட்டை ஓரம்தான் என்று தோன்றியது.

மங்களத்துக்கு என் கணக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நான் அழுவது பொறுக்கவில்லை. “அட, அழுவாதடி காமு. வா, ஒரு ஆட்டம் போடுவோம்” என்று படியில் கரியால் கட்டம் கீறினாள். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தேன். அவள் போட்டாள். ஆறும் பழுப்பாக விழுந்தன. “ஏய், அங்க பாரு, மாமா வராரு!” என்றாள். நான் திரும்புவதுபோலத் திரும்பி, கடைக்கண்ணைக் கொட்டையிலேயே வைத்திருந்தேன். அவளுடைய சுண்டுவிரல், பாம்பு நாக்கு நீட்டுவதுபோல ஒரு தடவை வெளியே வந்து, ஒரு கொட்டையைப் புரட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. படியில் ஒரு வெள்ளை. தாயம்!

“கள்ளாட்டம்! திருப்பிட்ட! நான் பாத்தேன்!” என்று கத்தினேன். இத்தனை வருஷக் கைராசியின் ரகசியம் இதுதானா!

பிடிபட்ட பிறகு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “என்னாத்தத் திருப்புனேன்? கொட்டை கூடிருக்கா? குறைஞ்சிருக்கா? எண்ணிப் பாருடி! ஆறு ஆறாத்தான இருக்கு!”

எண்ணினேன். ஆறு ஆறாகத்தான் இருந்தது. ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை, வெள்ளை மட்டும் ஒன்று கூடியிருந்தது. சாக்குப் பக்கமே யாரும் போகவில்லை! என் தலைக்குள் ‘டப்’ என்று ஒன்று வெடித்தது, கொட்டகையில் வெடிப்பதுபோல.

“திருப்புனதுதான்டி! திருப்புனதேதான்!” என்று அவளைக் கட்டிப்பிடித்தேன். அடிப்பேன் என்று எதிர்பார்த்தவள் மிரண்டுபோனாள். நான் வாரிய குவியலிலிருந்து ஆறு பழுப்பை எடுத்தேன். அவை பச்சைக் கொட்டை, திருப்பினாலும் பழுப்புத்தான். படியில் மண்டியிட்டு ஒன்றைத் தேய்த்தேன். தோல் தூசியாகப் பறந்தது, கொட்டை கையில் கொதித்தது, உள்ளேயிருந்து வெள்ளை வந்தது. அது சாக்கிலிருந்தும் வரவில்லை, கடையிலிருந்தும் வரவில்லை. ஒவ்வொரு பழுப்புக்குள்ளும் முன்பே வெள்ளை இருந்திருக்கிறது! பறந்துபோன தூசியை அள்ளி அப்பாவின் தராசில் வைத்தால் முள் அசையாது, எடை பூஜ்யம். ஆனால் போனது எது? வெள்ளையை மறைத்துக்கொண்டிருந்த மறைப்பு. மறைப்பு போனால் வெள்ளை கூடாமல் என்ன செய்யும்? அதற்காகத்தான் அந்தக் கழித்தல் குறி! வெளியே போனது ஆள் அல்ல, ஆளை மூடியிருந்த போர்வை. ஆறையும் தேய்த்தேன். எழுபத்தாறும் ஆறும் எண்பத்திரண்டு. எட்டு ஆல்பா, ஆறு பீட்டா. கீழ் வரிசையைக் கூட்டினேன்: 82, அதோடு எட்டு ஆல்பாவின் 16, அதில் ஆறு பீட்டாவுக்காக ஆறு குறைத்தால் 92. யுரேனியம்! நான் ‘ஓ’வென்று கத்திக்கொண்டு பீலியடிக்கும் படிக்குமாக ஓடினேன். மூன்றாவது முறை ஓடிவந்தபோது மங்களம் கடைசிக் கொட்டையை எடுத்து என் முன்கையில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அந்தச் சூடுகூட இனித்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் பையன்கள் இடம் விட்டு நின்றார்கள். பெரிய துரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் எட்டு என்றும் ஆறு என்றும் எழுதினேன். “கழிச்சுப் பாத்தா வந்துரும், இதென்ன பெருசு” என்று ஒரு பையன் முணுமுணுத்தான். பெரிய துரை தலையசைத்துவிட்டு, “காரணம்?” என்றார். ஒன்று வெளியே போனபின் மிச்சம் எப்படிக் கூடும் என்று சொல்ல வேண்டும். தேய்ப்பு, தூசி, சூடு எல்லாம் நாக்கு நுனியில் முட்டிக்கொண்டு நின்றன. இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. கைக்குட்டைகள் கண்முன்னே வரிசையாக வந்தன.

“மங்களத்தக் கூப்பிடணும் சார்” என்றேன்.

தையல் அறையிலிருந்து அவளை அழைத்து வந்தார்கள், ஊசி குத்தாமல் விரலில் மாட்டிய கூட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். “மாட்டி விட்டுட்டியாடி?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “நீ எப்பவும் போடுற மாதிரியே போடு” என்று ஆறு தாயக்கொட்டைகளை அவள் கையில் கொடுத்தேன். மேசைமேல் போட்டாள். இரண்டு வெள்ளை. நான் எல்லாரையும் எண்ணச் சொன்னேன். எண்ணி நிமிர்வதற்குள் மூன்று வெள்ளை. கொட்டைகள் அதே ஆறு. பெரிய துரை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசையருகே வந்து குனிந்தார்.

“இன்னொரு தரம் செய்து காண்பியுங்கள்” என்றார்.

அவள் செய்தாள். நாலு வெள்ளை. அவர் மூக்கு மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்தார். அவள் மறுபடியும் செய்தாள். ஐந்து. ஒரு தடவைகூட அந்த விரலை அவர் பிடிக்கவில்லை. எனக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. ஒரு பச்சைக் கொட்டையை ஜன்னல் கல்லில் பரபரவென்று தேய்த்து, தூசியை ஊதிக் காட்டி, “போனது இதுதான் சார். எடை இல்ல. ஆனா வெள்ளைய மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. அது போனதுனால வெள்ளை ஒண்ணு கூடிருச்சு” என்று கொட்டையை நீட்டினேன். அவர் வாங்கினார். “ஆ!” என்று உதறினார். கொட்டை தரையில் உருண்டது.

“சூடும் வந்திட்டுது, பாருங்கோ ஐயா!” என்று மாஸ்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. பிறகு என்னைப் பார்த்து, “அணுவுக்குள்ள திருப்புற விரல் எதெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது பிள்ளை. அதையும் ஒருநாள் பிடிப்பினம்” என்றார்.

பெரிய துரை விரலை ஊதிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “இருவரும் இங்கே அமரலாம். அந்தப் பெண் மாத்திரம் முன் வாங்கில் அமரவேண்டும். அவளுடைய கைகளை நான் கவனிக்க விரும்புகிறேன்.” மங்களம் முன் வாங்கில் உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். அம்மாவிடம் கைராசியின் கதையை நாங்கள் சொல்லவேயில்லை. மூட்டைகளின் முதல் முடிச்சை அவளே அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. எங்கள் கடை இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பியிருக்கிறது; பின்படிக் கருங்கல் எந்த அஸ்திவாரத்துக்குள் போயிற்றோ தெரியாது. பீலியை அடைத்துக் குழாய் போட்டுவிட்டார்கள். புளி கொட்டையில்லாமல் கண்ணாடித்தாளுக்குள் வருகிறது. நான் மலைநாட்டுப் பள்ளிகளில் ஆயுசெல்லாம் விஞ்ஞானம் கற்பித்து, ஒவ்வொரு வருஷமும் வகுப்புக்குச் சாக்கோடு கொட்டை கொண்டுபோய், பிறகு ஓய்வும் பெற்றுவிட்டேன். அன்றைய 206 கொட்டைகளை மட்டும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு, மூடியில் ‘ஈயம்’ என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். 82 வெள்ளையும் காலத்தில் மஞ்சள் பூத்துவிட்டன.

மங்களம் கல்யாணமாகித் திருச்சிப் பக்கம் போனாள். கடல் குறுக்கே கிடந்தது. காகிதமும் தொலைபேசிப் பேச்சும்தான் கடந்து வந்தன. தலை முழுதும் நரைத்தபிறகு ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்க வந்தாள். தகரத்தைத் திறந்து காட்டினேன். “ஈயம். இனி மாறாதுடி” என்றேன், பழைய டீச்சர் மிடுக்கோடு. “அப்புடியா?” என்றாள். மறுநாள் காலை நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முன்கையில் ‘சுரீர்’ என்றது. கத்தித் திரும்பினால், ஓட முடியாத காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். “கொட்டை ஏதுடி?” என்றேன். “கொட்டைக்கா பஞ்சம்?” என்றாள்.

போன மாதம் அவள் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் தகரத்தைத் திறந்து, பாயை விரித்து, எண்ணினேன். கொட்டைகள் 206 சரியாக இருந்தன. வெள்ளையை எண்ணினேன். 83. மஞ்சள் பூத்தவற்றுக்கு நடுவில் ஒன்று மட்டும் நேற்றுத் தேய்த்ததுபோல இருந்தது. அதை எடுத்து என் முன்கையில் வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. வாய்விட்டு அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். அதைப் பழுப்பு மேலே வரப் புரட்டி வைத்தால் மறுபடியும் ஈயமாகிவிடும். நான் புரட்டவில்லை. மூடியிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டு, எண்பத்து மூன்றுக்கு உரிய பெயரை, ‘பிஸ்மத்’ என்று எழுதி ஒட்டினேன்.